இரண்டு முறை கேட்ட தண்ணீர்

டீச்சர்,

புத்தூர் சந்தையில் வாங்கிய புதுப் பானையில் இன்று காலை தண்ணீர் ஊற்றினேன். மண் வாசனை குப்பென்று எழுந்ததும் உங்கள் முகம் வந்துவிட்டது. போன வாரம் நாராயணவனத்தில் ஒரு கல்யாணப் பந்தி. சித்தூர் ஹாஸ்டலில் எனக்குப் பக்கத்துப் பாயில் படுத்த லலிதா வந்து உட்கார்ந்து, "மன டிரில் டீச்சர் போயாரு, நம்ம டீச்சர் செத்துட்டாங்க. உனக்கு யாரும் சொல்லலியா?" என்றாள். நான் இலையில் இருந்த பாயசத்தை வழித்து முடித்தேன். அழுகை வரவில்லை. வராது என்று எனக்கு எப்போதோ தெரியும்.

ஆந்திரத்துக்குக் கர்நூல் தலைநகராக இருந்த காலம் அது. திருத்தணி யாருக்கு, நகரி யாருக்கு என்று ரயிலிலும் சந்தையிலும் பெரியவர்கள் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அந்தக் கவலை இல்லை. கர்நூலில் நடக்கவிருந்த நெடுந்தூர ஓட்டத்துக்கு நம் பள்ளியிலிருந்து ஒரே ஒருத்தி போவாள், அது நானாக இருக்கவேண்டும். "அங்க போய் ஜெயிச்சிக்கினு வா. அப்பறம் டீச்சர் டிரெய்னிங் சேத்து வுடறேன்" என்று நைனா, என் அப்பா, சொல்லியிருந்தார். மானாவாரிக் கொல்லையை நம்பிப் பிழைக்கும் மனிதர் வயசுக்கு வந்த பெண்ணிடம் அப்படிச் சொல்வது அன்று சின்ன விஷயமில்லை. என் படிப்பு முழுவதும் அந்த ஓட்டத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஹாஸ்டல் வழக்கம் உங்களுக்கு நினைவிருக்கும், அதைக் கட்டிக்காத்தவர் நீங்கள்தானே. மாதவிலக்காகித் தூரமான பெண் பின்பக்க அறையில் தனிப் பாயில் இருக்கவேண்டும். எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் அவள் தட்டில் விழும். பானையைத் தொடக்கூடாது, யாராவது மனசு வைத்து ஊற்றினால் கையேந்திக் குடிக்கலாம். ஆளைத் தேர்ந்தெடுக்கும் ஓட்டம் வைத்த காலையில் நான் அந்த அறையில் இருந்தேன். மற்றவர்கள் கூழ் குடித்து முடிப்பதற்குள் நீங்கள் விசில் ஊதிவிட்டீர்கள்.

"டீச்சர், எனக்கு இன்னும் கூழ் ஊத்தல" என்றேன்.

"வந்து குடிச்சிக்கலாம். ஓட இஷ்டம் இல்லன்னா இப்பவே சொல்லிடு, பேரை அடிச்சிடறேன்."

ஓடினேன். ஓடுவதற்கு உங்களிடம் தீட்டு இல்லை, தண்ணீர் குடிப்பதற்கு மட்டும்தான் தீட்டு. இந்தக் கணக்கை இத்தனை வருஷமாகப் போட்டுப் பார்க்கிறேன், விடை வரவில்லை. அடிவயிறு இழுத்துப் பிடித்தது, தாவணியை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டு மைதானத்தைச் சுற்றிச் சுற்றி ஓடினேன். முதலாவதாகத்தான் வந்தேன். அதை யாரும் மறுக்கவில்லை, நீங்கள்கூட.

வந்து சேர்ந்தவளை மெல்ல நடக்கக்கூட விடாமல், கடைசி ஆள் வரும்வரை வரிசையில் விறைப்பாக நில் என்றீர்கள். வெயில் ஏறியிருந்தது. காதுக்குள் இரைச்சல், பின்பு எல்லாம் மஞ்சளாகத் தெரிந்தது. "தண்ணி டீச்சர்" என்றேன். வேப்பமரத்தடியில் பானை கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஒரு அடி எடுத்து வைத்தேன்.

"பானைகிட்ட போவாத. அங்கியே நில்லு."

"நேனு போஸ்தானு டீச்சர், நான் ஊத்தறேன்" என்று லலிதா நகர்ந்தாள்.

"லைன் கலையக்கூடாது" என்றீர்கள்.

இரண்டாவது முறை கேட்டேனா, கேட்பதற்குள் விழுந்தேனா, தெரியவில்லை. கண் திறந்தபோது வாயில் மண் இருந்தது. விழுந்த பிறகு முகத்தில் அடிக்க மட்டும் அதே பானையிலிருந்து தண்ணீர் கிடைத்தது.

மயக்கத்துக்குக்கூட உங்களை மன்னித்திருப்பேன். ஞாயிற்றுக்கிழமை நைனா வந்தபோது நீங்கள் சொன்னதற்குத்தான் மன்னிப்பே இல்லை. "பொண்ணுக்கு உடம்புல சத்து இல்ல. கர்நூல்ல போய் வுழுந்துட்டா யாரு பதில் சொல்றது?" கூழ் ஊற்றாததைச் சொன்னீர்களா? தண்ணீர் தராததைச் சொன்னீர்களா? நான் வாய் திறந்தபோது, "தூரமான விஷயத்தை அப்பாகிட்ட பேசுவியா, வெக்கமா இல்ல?" என்று அடக்கிவிட்டீர்கள். நைனா என் பெட்டியைத் தூக்கிக்கொண்டார். பஸ்ஸில், "சத்து இல்லாத பொண்ணுக்கு எதுக்கும்மா படிப்பு" என்று மட்டும் சொன்னார். தை மாதம் கல்யாணம். எல்லைத் தகராறு தீர்ந்து திருத்தணி தமிழ்நாட்டுப் பக்கம் போனது, நாங்கள் ஆந்திரப் பக்கமே நின்றோம். கர்நூல் அதற்கு முன்பே தலைநகர் பதவியை இழந்திருந்தது. நான் ஓடாத ஊர் அது, போகட்டும் என்று இருந்தேன்.

சத்து இல்லாத இந்த உடம்புதான் மாதத்தின் எல்லா நாளும் சேற்றில் குனிந்து நாற்று நட்டது. அந்த நாட்களில் முதலில் கஞ்சி குடித்துவிட்டு இறங்குவேன், தண்ணீர்ச் சொம்பு வரப்பிலேயே இருக்கும், தலை சுற்றினால் உட்கார்ந்து கொள்வேன். ஒருநாளும் விழுந்ததில்லை.

நீங்கள் என் கையில் சிக்கிய நாளும் ஒன்று உண்டு. அது உங்களுக்குத் தெரியாது, அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். புரட்டாசி சனிக்கிழமைகளில் திருப்பதி மலைப்படியில் எங்கள் ஊர்க்காரர்கள் தண்ணீர்ப்பந்தல் போடுவோம். ஒரு வருஷம், "லைன்ல வாங்க, லைன்ல வாங்க" என்று கீழே ஒரு குரல். நரைத்த தலை, முழங்காலில் கை, உதடு வெளுத்து நீங்கள் ஏறி வந்தீர்கள். கை ஏந்தினீர்கள். சொம்பை உயரத் தூக்கி ஒரு வாய் ஊற்றி நிறுத்தினேன்.

"இன்னும் கொஞ்சம் ஊத்தும்மா" என்றீர்கள்.

நான் சாய்க்கவில்லை. அண்ணாந்து பார்த்தீர்கள்.

"தண்ணி, தாயீ."

இரண்டாவது முறை கேட்ட பிறகே ஊற்றினேன். அந்த ஒரு நிமிஷத்துக்காக நான் வருத்தப்பட்டதில்லை, இன்றும் படவில்லை. ஆனால் வஞ்சம் தீர்ந்ததா என்றால், இல்லை. பந்தலில் எல்லோரும் கையேந்தித்தான் குடிப்பார்கள். உங்களுக்கு அது தண்டனையாகவே தெரியவில்லை. வாயைத் துடைத்துக்கொண்டு, "நல்லா இரும்மா" என்று வாழ்த்திவிட்டு மேலே ஏறிப் போய்விட்டீர்கள். என்னை அடையாளம் தெரியவில்லை. பெயரைச் சொல்லத்தான் நினைத்தேன். சொல்லியும் நினைவு வரவில்லை என்றால் என்ன செய்வது என்று வாயை மூடிக்கொண்டேன்.

அந்த வாழ்த்து எனக்கு வேண்டாம் டீச்சர். இந்த மடலோடு திருப்பி அனுப்புகிறேன்.

நான் வைத்துக்கொண்டிருப்பது வேறு. மாமியாரோடு மூன்று மாதம் பேச்சில்லாமல் இருந்து வாங்கிய வழக்கம் அது. இந்த வீட்டில் தூரமானவளுக்குத்தான் முதல் தட்டு, பானை எல்லோருக்கும் ஒன்று. என் மருமகள் இன்று தூரமாக இருக்கிறாள். விடியற்காலையிலிருந்து நெல் அவித்துவிட்டு இப்போதுதான் உள்ளே வந்தாள். யாரையும் கேட்கவில்லை. புதுப் பானைக்குள் முழங்கைவரை கையை விட்டுச் சொம்பில் மொண்டு, நின்றபடி மடக்மடக்கென்று குடிக்கிறாள்.

அந்தச் சத்தம் நீங்கள் இருக்கும் இடம்வரை கேட்கட்டும்.