சுண்ணாம்பு கேட்ட எலும்பு

பத்மாசனி, உன் முகத்தைப் பார்த்துச் சொல்லக் கூச்சமாயிருக்கிறது. கதை சொல்லியே பழகிய வாய், ஆகையால் கதையாகவே எழுதி வைக்கிறேன்.

மாமல்லபுரத்தில் ஒரு மாமியார் இருந்தாள். பிள்ளைத்தாய்ச்சி மருமகள் கதவுக்குப் பின்னால் நின்று சுவர்ச் சுண்ணாம்பைச் சுரண்டித் தின்றதைப் பார்த்துவிட்டாள். வளைகாப்புக்கு வந்த பெண்டுகள் முன்னால், "ஏண்டி, ஆத்துச் சுவரையே முழுங்கிட்டா நாங்கள்ளாம் எங்கே குடியிருக்கறது?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து அந்தப் பெண் யார் எதிரிலும் சரியாகச் சாப்பிடுவதில்லை.

நேற்றுச் செங்கல்பட்டு டாக்டரம்மா மாமியாரைத் தனியே கூப்பிட்டார்.

"மருமகளுக்குப் பால் கொடுக்கிறீங்களா?"

"குழந்தை பெருத்துட்டா பிரசவம் கஷ்டமாச்சேன்னு நிறுத்திட்டேன்."

"வெயில்ல நடக்கிறாளா?"

"உள்ளேயேதான் வெச்சிருக்கேன்."

"வயித்துப் பிள்ளை தன் எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தைத் தாய் எலும்பிலிருந்து எடுத்துக்கும். அவ என்கிட்ட இடுப்பு வலின்னு சொன்னது பொய்யில்லம்மா. உடம்பு எதையோ கேட்டிருக்கு. சுவர் அதுக்கு மருந்தில்லை, சாப்பாடுதான் மருந்து."

மாமியாருக்கு வீடு வரும்வரை தலை நிமிரவில்லை.

அடுப்பில் கேழ்வரகுக் கஞ்சி இருக்கிறது. பக்கத்தில் பால், முருங்கைக்கீரை. வயிறாரச் சாப்பிட்டுவிட்டு முற்றத்து வெயிலில் மெதுவாக நட. என் எதிரில் சாப்பிட உனக்குக் கூசும் என்றுதான் வெளியே போகிறேன்.

இன்னொன்று. பொழுது சாய்ந்துதான் வருவேன், தேடாதே. அன்று சிரித்த ஒவ்வொருத்தி வீட்டுக்கும் போய், தப்பு என்னுடையது என்று சொல்லிவிட்டு வர அவ்வளவு நேரம் பிடிக்கும்.