எட்டு மணிக்கு அடிக்கும் காற்று

மாசி 3, திங்கள்
காற்று. மூன்று நாளாக ஓயவில்லை. எருத்தேன்பதி ரோட்டில் தென்னை மட்டை விழுந்து என் கேபிள் டிவி லைன் அறுந்தது. ஏணி, ஒட்டு, இரண்டு மணி நேரம். முழங்கையில் சிராய்ப்பு.

செய்ய வேண்டியது: பாக்ஸ் மாற்ற, 3 வீடு. ஏணிக்குப் புதுக் கயிறு. நித்யா விஷயம்.

நித்யா விஷயம்தான் பெரிது. பொள்ளாச்சி வரன். பையன் தங்கமானவன், ஜாதகமும் பொருத்தம். இந்த வாரத்துக்குள் பதில் சொல்வதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். கோயம்புத்தூரில் வேலைக்குப் போனதிலிருந்து மகள் என்னிடம் பிடிகொடுப்பதில்லை. "பாக்கலாம்ப்பா." மூன்று வாரமாக இதே வார்த்தை. கேட்டுச் சொல்லும்படி அவள் அம்மா சாந்தாவிடம் விட்டிருக்கிறேன்.

சாந்தாவிடமும் எப்போது பேசுகிறாள்? அந்தக் கருமம் ஓடும் அரை மணி நேரம் மட்டும். பகலில் ஆபீஸ். எட்டரைக்கு மேல் ரூமில் மற்ற பெண்கள் வந்துவிடுவார்களாம்.

கருமம் என்றால் எட்டு மணி காமெடி நாடகம். சென்னையில் ஒரே வீட்டில் இரண்டு பெண்கள், மூன்று பையன்கள். யாரும் யாருக்கும் தாலி கட்டவில்லை. அரை டவுசரோடு ஒரே சோபாவில் கிடக்கிறார்கள். இந்த வாரம் ஒருத்தனோடு காதல், அடுத்த வாரம் இன்னொருத்தன். எதைச் சொன்னாலும் பின்னால் ஒரு கூட்டம் சிரிக்கிறது. குமட்டுகிறது. சாந்தா இங்கே டிவி முன்னால், மகள் அங்கே, நடுவில் ஸ்பீக்கர் போன். சேர்ந்து சிரிப்பார்கள். விளம்பரம் வந்தால் பேசிக்கொள்வார்கள். கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷம். என் பேச்சுக்கு அவள் அப்படிச் சிரித்ததில்லை.

மாசி 4, செவ்வாய்
காற்று. போன் மேல் போன். எல்லாம் அந்த நாடகத்தைப் பற்றியே.

பால் சொசைட்டிக்காரர்: "ஏனுங்க, அந்தச் சேனல நிறுத்த மாட்டீங்களா? ஊட்டுல வயசுப் புள்ளைக இருக்குதுங்க."

ரிட்டயர்டு டீச்சர்: "அதுல என்னங்க தப்பு? இப்பத்த புள்ளைக பேசறதத்தான காட்டறாங்க? நிறுத்துனீங்கன்னா நான் வேற கனெக்சன் போட்டுக்குவேன்."

மளிகைக் கடைக்காரர்: "சுத்த அசிங்கமுங்க. ஆமா, நேத்து கரண்ட் போயிருச்சு. அந்தப் புள்ள கடைசில யாரோட போச்சு?"

த்தூ. அசிங்கம் என்கிறவனுக்குத்தான் ஒரு காட்சி விடாமல் வேண்டும்.

சாயங்காலம் கோயில் கமிட்டித் தலைவர் வந்தார். காபி குடித்தார். "கோயில்ல நோம்பிக் கம்பம் நட்டாச்சுங்க. மாரியாத்தா நோம்பி முடியற வரைக்கும் அந்தக் கண்றாவி ஊருக்குள்ள ஓடக் கூடாது."

"ஒரு சேனல மட்டும் என்னால நிறுத்த முடியாதுங்க. அது மேல இருந்து வருது."

"அப்ப லைனையே அமத்திப் போடுங்க. அரை மணி நேரந்தான? காத்துல அறுந்துபோச்சுன்னாப் போச்சு."

சரி என்றேன். கட்டாயத்துக்குச் சொன்னதாக இங்கே எழுதினால் அது பொய். எனக்குள் சந்தோஷம்தான்.

மாசி 5, புதன்
7.58க்கு மெயின் பெட்டியில் சுவிட்சை அணைத்தேன். கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்: "காத்துங்க."

தலைவர் வீட்டு வழியாக வந்தேன். உள்ளே அந்தக் கூட்டச் சிரிப்பு. நின்று கேட்டேன். அதே நாடகம்தான். போன வருஷமே அவர் வீட்டில் டிஷ் வைத்துவிட்டார்கள், எனக்குத்தான் மறந்துபோனது. ஊருக்கு விரதம், அவர் வீட்டுக்கு விருந்து. அப்போதே திரும்பிப் போய் லைனைப் போட்டிருக்கலாம். போடவில்லை.

வீட்டில் சாந்தா கறுத்த டிவி முன்னால், கையில் போனோடு. டிவியும் நெட்டும் ஒரே ஒயர். வீட்டுக்குள் செல் டவர் எடுக்காது, அவள் போன் என் வைஃபையில்தான் பேசும். இது எனக்குத் தெரியாததா? யோசிக்கவில்லை.

"நித்யா என்னமோ சொல்லோணும்னா. எட்டு மணிக்குச் சொல்றேன்னா. மாடிக்குப் போய்க்கூடப் பாத்தனுங்க. காத்துல ஒண்ணும் கேக்கல."

"நாளைக்குக் கேட்டுக்க."

மாசி 6, வியாழன்
காற்று சுத்தமாக நின்றுவிட்டது. வெயில் சுள்ளென்று.

மத்தியானம் பொள்ளாச்சியிலிருந்து பையனின் மாமா போன். "என்னங்க முடிவு பண்ணியிருக்கீங்க?" மகள் வேண்டாம் என்று சொல்லவில்லையே. "சரிங்க, நோம்பி முடிஞ்சதும் பூ வெச்சு உறுதி பண்ண வாங்க" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

7.58, சுவிட்ச். தலைவருக்காக இல்லை. ஏன் என்று தெரியவில்லை. பழகிவிட்டதோ என்னவோ.

சோறு போடும்போது சாந்தாவிடம் சொன்னேன். கரண்டி நின்றது.

"அவளக் கேக்காமயா?"

"நீதான் கேட்டுச் சொல்லலயே?"

"எங்கீங்க கேக்க உட்டீங்க?" பிறகு மெதுவாக, "இன்னைக்கும் மாடிக்குப் போனனுங்க. டவரே எடுக்கல. கொடில போட்ட துணி ஒரு ஆட்டம் ஆடல."

ரசம் ஊற்றினாள். நானும் குடித்தேன், வெட்கமில்லாமல்.

மாசி 7, வெள்ளி
மதியம் வீட்டுக்கு வந்தால் சாந்தா இல்லை. இரண்டு மணி பஸ்ஸில் கோயம்புத்தூர் போய்விட்டாள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். கம்பம் நடும்போது ஊரில் இருந்தவர் யாரும் நோம்பி முடியும் வரை வெளியூரில் ராத்தங்கக் கூடாது. இருபத்தெட்டு வருஷத்தில் ஒரு தடவையும் அவள் மீறியதில்லை.

ஐந்து மணிக்கே தலைவர் போன். "உங்க ஊட்டம்மா ஊர்ல இல்லீங்களாமா?"

"ஆமாங்க. உங்க டிஷ்ல நாடகம் நல்லாத் தெரியுதுங்களா?" வைத்துவிட்டேன்.

எட்டு மணி. சுவிட்சைத் தொடவில்லை. தனியாக உட்கார்ந்து நானே பார்த்தேன். இப்போதும் அருவருப்புதான். அந்தப் பையன்களை ஓங்கி அறையலாம் போலிருக்கிறது. ஆனால் அதைவிட என்னைத்தான் பார்க்கப் பிடிக்கவில்லை.

முதல் விளம்பரத்தில் போன் அடித்தது. நித்யா.

"அப்பா, நாடகம் பாக்கறீங்களா?"

"ம்."

"அந்த வரன் வேண்டாம்ப்பா. புதங்கெழமையே அம்மாகிட்டச் சொல்லலாம்னு இருந்தேன். லைனே கெடைக்கல. அங்க ரொம்பக் காத்தாப்பா?"

பின்னால் சாந்தாவின் இருமல். லைனை அணைத்தது நான்தான் என்று அவள் மகளிடம் சொல்லவில்லை. அதை எனக்கு விட்டுவைத்திருக்கிறாள்.

விளம்பரம் முடிந்தது. அங்கேயும் இங்கேயும் ஒரே சமயத்தில் அந்தக் கூட்டம் சிரித்தது. அவர்கள் இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

"காத்து இல்ல சாமி," என்றேன். "நாந்தான்."

மாசி 8, சனி
லேசான காற்று. சாந்தா இன்னும் வரவில்லை.

செய்ய வேண்டியது: ஏணிக் கயிறு. பொள்ளாச்சிக்குப் போன், என் வாயால்.