இரண்டாவது மனு

1958 ஜூன் 3, செவ்வாய்

வெயில். சூரமங்கலத்துத் தண்டவாளத்தில் தோசை வார்க்கலாம். வார்த்தால் எஞ்சின் டிரைவர் சட்னி கேட்பார். அக்காவுக்கு இன்று ஐந்தாம் நவநாள். மகள் பிலோமிக்குப் பட்டணத்துச் சங்கீதக் கல்லூரியில் இடம் கிடைக்க அந்தோணியாரிடம் ஒன்பது செவ்வாய் வேண்டுதல். அந்தக் கல்லூரிக்குப் பூலோகமே மனுப் போட்டிருக்கிறது. எடுப்பது ஒரு கைப்பிடி. கிடைக்காவிட்டால் தையில் கல்யாணம் என்று மச்சான் சொல்லிவிட்டார். பிள்ளைக்குப் பதினேழு வயது.

வேறு இடத்துக்கும் எழுதிப் போடலாமே என்றேன். அக்கா முறைத்ததில் என் மீசை பாதி கருகியது.

"புனிதர்கிட்டக் கேட்டுப்போட்டு, அவரு குடுக்கமாட்டாருன்னு இன்னொரு கதவத் தட்டுறதாடா?"

ஏற்கெனவே தட்டியாயிற்று. அது அவளுக்குத் தெரியாது. வாழப்பாடி தாண்டி, கன்னியாஸ்திரீகள் நடத்தும் ஆசிரியப் பயிற்சிப் பள்ளி. கையெழுத்து பிலோமியுடையது, சதி முழுவதும் என்னுடையது.

ஜூன் 9, திங்கள்

கல்லூரிக் கடிதம். வரும் திங்கள் பாடிக் காட்ட வேண்டும். எஸ்.எஸ்.எல்.சி. மதிப்பெண் புத்தகம், அசல், கையோடு கொண்டுவரவும்.

அசல் இருப்பது வாழப்பாடிக் கன்னியாஸ்திரீகளிடம். அவர்கள் அசல்தான் வேண்டும் என்றார்கள். பட்டணத்தில் பாட்டைத்தானே கேட்பார்கள், அங்கே நகல் போதும் என்று தீர்ப்பளித்த மாமேதை நானே.

சாப்பாடு இறங்கவில்லை. ஏழு இட்லியோடு சரி. புத்தகம் எங்கே என்று அக்கா கேட்டாள். ஆபீஸ் பெட்டியில் ராஜமரியாதையோடு இருக்கிறது என்றேன்.

ஜூன் 11, புதன்

காய்ச்சல் என்று லீவு. வாழப்பாடி பஸ்ஸில் மரவள்ளி மூட்டைமேல் சிம்மாசனம்.

திங்கள் முடிந்த கையோடு புத்தகத்தைத் தலையில் சுமந்து வந்து தருகிறேன் என்று மதரிடம் கெஞ்சினேன். சேர்க்கைப் பட்டியல் சனிக்கிழமையே முடிகிறதாம்.

"எடுத்துட்டுப் போனா பேரை அடிச்சிடுவோம், சார். ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன் என்றிருக்கலாம். கேட்டால் அக்காவுக்குத் தெரிந்துவிடும். புத்தகத்தை வாங்கிக்கொண்டேன். என் கண்ணெதிரே பிலோமி பெயர்மேல் சிவப்பு மையில் ஒரு கோடு.

ஜூன் 13, வெள்ளி

காற்றே இல்லை. பிலோமியிடம் சொல்ல மூன்று முறை போனேன். முதல் முறை பாடிக்கொண்டிருந்தாள். இரண்டாம் முறை சேலை மடித்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் முறை சும்மாதான் இருந்தாள். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு வந்தேன்.

மச்சான் மாப்பிள்ளை வீட்டாரை அடுத்த மாதம் வரச் சொல்லியிருக்கிறார்.

கொண்டுபோக: புத்தகம் (ஆயிரம் முறை தொட்டுப் பார்த்தாயிற்று). சுருதிப்பெட்டி. பனங்கற்கண்டு, மிளகு. என் தைரியம் (காணவில்லை).

ஜூன் 16, திங்கள், பட்டணம்

கல்லூரி வராந்தா. புழுக்கம். குமாஸ்தா புத்தகத்தைத் திறந்தார், பெயரைப் பார்த்தார், மூடினார். அரை நிமிஷம். அவ்வளவுதான் அதற்கு வேலை.

மற்றப் பெண்களோடு பாட்டு வாத்தியார்கள், வெற்றிலைப் பெட்டி சகிதம். பிலோமியோடு நான். முதலில் போன பெண் அழுதுகொண்டே வெளியே வந்தாள். பிலோமி தொண்டைக்கென்று கொண்டுவந்த பனங்கற்கண்டில் பாதியை நானே கடித்துத் தீர்த்தேன்.

பிலோமி காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பயமாக இல்லையா என்றேன்.

"இல்லீங்க மாமா. இது இல்லாட்டிப் போவுது, அந்த வாத்தியார் பள்ளிக்கூடம் இருக்குதுல்லீங்க. அது மட்டும் இல்லீன்னா எனக்குத் தொண்டையே தொறந்திருக்காது."

சொல்ல வாயெடுத்தேன். உள்ளேயிருந்து அவள் பெயரைக் கூப்பிட்டார்கள்.

"ஆமா சாமி, இருக்குது. போய்ப் பாடு."

கதவைச் சாத்திவிட்டார்கள். வெளியே நின்று இதை எழுதுகிறேன். சுருதி கேட்கிறது. குரல் இன்னும் வரவில்லை.