யதுஷா பரிந்துரைத்த மாயக்கதைப் புத்தகம் நீக்கப்பட்டமை

அனுப்புநர்:
வீரக்குட்டி தவநேசன்
(வீடுகளுக்குக் காப்பெட் என்னும் தரைவிரிப்பு ஒட்டும் தொழிலாளி, யதுஷாவின் தகப்பன்),
மல்வேர்ன், ஸ்காபரோ, ரொறன்ரோ.

பெறுநர்:
மேற்பார்வையாளர் அவர்கள்,
சனிக்கிழமைத் தமிழ் வகுப்புகள்,
மல்வேர்ன்.

பொருள்: இளையோருக்கான மாயக்கதைப் புத்தகப் பட்டியலில் இருந்து என் மகளின் பரிந்துரை நீக்கப்பட்டதும், சபையில் அவள் பகிடி பண்ணப்பட்டதும் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. முதலில் என் வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். ஆறாம் வகுப்புப் படிக்கும் மகள் "ஸ்பெல் புக்" வேண்டும் என்றபோது, எழுத்துப்பிழை விடுகிறாளாக்கும் என்று நூலகத்தில் ஸ்பெல்லிங் பயிற்சிப் புத்தகங்கள் மூன்றை அள்ளிக்கொண்டு வந்தவன் நான். அது மந்திரப் புத்தகம் என்று அவள்தான் விளங்கப்படுத்தினாள். சாதாரண தரப் பரீட்சையை ஒருமுறை எழுதி, மறுமுறை எழுதத் துணியாதவனின் மனு இது. பிழைகளைப் பொறுத்துக்கொள்ளவும்.

2. இம்மாதம் 8ஆம் திகதி நடந்த புத்தகப் பரிந்துரை நாளுக்கு மாயக்கதைகள் என்ற தலைப்பைத் தந்தது நீங்களே. யதுஷா இரண்டு கிழமை இருந்து பதினான்கு வரி தமிழில் எழுதினாள். அவள் எடுத்த கதையில் ஒரு சிறுமி மந்திரம் சொல்லும் ஒவ்வொரு தடவையும் ஒரு சொல்லை மறந்துபோகிறாள். கடைசியில் அவளிடம் மிஞ்சுவது தம்பியின் பெயர் மட்டும். "இதை வாசியுங்க. பயமாத்தான் இருக்கும், ஆனா நல்ல பயம்" என்று தாளைப் பார்க்காமலே சொல்லி முடித்தாள்.

3. உடனே பட்டியல் குழுத் தலைவர் திரு. அன்புராசா ஒலிவாங்கியை வாங்கி, "பிள்ளை மட்டக்களப்பெல்லோ? உவைக்கு மந்திரம் புத்தகத்தில படிக்கத் தேவையில்லை. கவனமா இருங்கோ, பாயோட ஒட்ட வைச்சுப் போடுவினம்!" என்றார். மண்டபம் முழுவதும் சிரித்தது.

4. இந்தப் பகிடியைத் தாங்களும் கேட்டிருப்பீர்கள். எங்கள் ஊருக்கு வந்தவரை நாங்கள் சூனியம் செய்து, எழும்பிப் போகவிடாமல் படுத்த பாயோடு ஒட்டிவிடுவோமாம். ஐயா, நான் பதினெட்டு வருடமாக வீடுகளுக்குக் காப்பெட் ஒட்டுகிறேன். பசையும் ஆணியும் இருந்தும் ஓரம் கிளம்புகிறதென்று ஆட்கள் திரும்பக் கூப்பிடுகிறார்கள். அந்த மந்திரம் தெரிந்திருந்தால் என் முழங்கால் இப்படித் தேய்ந்திருக்காது.

5. ஆனால் இங்கே பிறந்த பிள்ளைக்குப் பாய் என்றால் படுக்கிற பாய் என்று தெரியாது. இங்கிலீசில் பையனைச் சொல்கிறார் என்று விளங்கிக்கொண்டாள். அன்று அவளுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தவன் விதுர்சன். வரும் வழியில் வாகனத்துக்குள், "அப்பா, நான் அவனோட ஒட்டி இருக்கல்லயே" என்று அழுதாள். அவளுக்குப் பதினொரு வயது. நான் சரியான அர்த்தத்தைச் சொன்னேன். "அப்ப நாங்க கூடாத ஆக்களா?" என்று கேட்டாள்.

6. 15ஆம் திகதி பட்டியல் கைக்கு வந்தது. பன்னிரண்டு புத்தகங்கள். டிராகன் இருக்கிறது, சூனியக்காரி இருக்கிறாள், கதைக்கிற ஓநாயும் இருக்கிறது. என் மகளின் புத்தகம் மட்டும் இல்லை. அந்த இடத்தில் திரு. அன்புராசா தாமே தொகுத்த ஒழுக்கக் கதைகள். காரணம் கேட்டேன். "இடம் காணாது" என்றார். தாளின் கீழ் அரைவாசி வெறுமையாகக் கிடந்தது. எனக்குக் கோபம் வந்திருந்தால் கத்திவிட்டு மறந்திருப்பேன். வந்தது அருவருப்பு. ஒரு பிள்ளையைச் சபையில் கேலி பண்ணி, அவளுடைய இடத்தில் தன் புத்தகத்தைச் செருகிவிட்டு, அதே கையால் என் தோளில் தட்டி, "பகிடிதானே தம்பி" என்றார். அந்தச் சேர்ட்டை இரண்டு தரம் தோய்த்தேன். இன்னும் போட மனம் வரவில்லை.

7. யதுஷா இனி வகுப்புக்கு வரமாட்டேன் என்கிறாள். தமிழில் எதையும் வாசிக்கவும் மாட்டாளாம்.

ஆகவே, அவளுடைய புத்தகத்தையும் பெயரையும் சேர்த்துப் பட்டியலை மறுபடி அச்சிடவும், 29ஆம் திகதி வகுப்பில் திரு. அன்புராசா அதே ஒலிவாங்கியில், அவளுக்கு விளங்கும் தமிழில் மன்னிப்புக் கேட்கவும் தாங்கள் ஆவன செய்யவேண்டும் என்று தாழ்மையுடன் கேட்கிறேன். அது நடந்தால் அவளை நானே கூட்டிக்கொண்டு வருவேன்.

திகதி: 19.11.2025
இடம்: மல்வேர்ன், ரொறன்ரோ

இங்ஙனம்,
வீ. தவநேசன்
(ஒப்பம்)

பி.கு.: இதை எந்த இலக்கத்தின் கீழ் எழுதுவது என்று தெரியவில்லை. அன்று மண்டபம் சிரித்தபோது நானும் சிரித்தேன். மகள் என்னைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். எழும்பிக் கேட்க நினைத்து நான் விழுங்கியது இவ்வளவுதான்: "இதில சிரிக்க என்ன இருக்கு, அண்ணன்?"