கண்மாயில கெடக்குற பொம்மைக

ஏங்க,
கதவைப் பூட்டல, அத்தை தூங்குறாக. கஞ்சி குடிச்ச பெறகு மாத்திரை குடுங்க. உங்களுக்குச் சோறு சட்டியில இருக்கு.

பொம்மைகளை வாங்கிட்டுப் போக கூரியர்க்காரர் வருவாரு. ஒண்ணும் இல்லைன்னு சொல்லிருங்க. நீங்கதான் எல்லாத்தையும் கண்மாயில போட்டுட்டீகளே.

அது செய்வினை இல்லைங்க. வெளிநாட்டுக்காரவுக மேசையில வச்சு வெளையாட, காசு குடுத்து என்கிட்டச் செய்யச் சொன்ன போர்வீரன் பொம்மைக. பாலிமர் களிமண்ணு தன்னால நிக்காது, அதான் உள்ள கம்பி. அதைப் பாத்துட்டு, அத்தை நோவுல படுத்ததுக்கு நாந்தான் காரணம்னு குறி சொல்ல வந்த கோடாங்கி சொன்னாரு. நீங்களும் ஒவ்வொண்ணாக் கழுத்தை முறிச்சீக.

நரிக்குடிக்கு, அம்மா வீட்டுக்குப் போறேன்.
தங்கலட்சுமி

இன்னொண்ணு. அந்தப் பொம்மைக முகமெல்லாம் கண்ணாடியில என் மூஞ்சியப் பாத்துச் செஞ்சது. கோடாங்கி சொன்னது நெசம்னா, இனி எனக்கு என்ன ஆகும்னு அவருட்டயே கேட்டு வைங்க.