மூக்குத்தி அக்காவுக்கு லைசென்ஸ் இல்லை

ஜூலை 8, செவ்வாய்

காற்று. விராலிமலைப் பக்கமிருந்து புழுதி அள்ளிக்கொண்டு வருகிறது. வகுப்பில் ஜன்னல் கதவு படார் படார். எனக்குத் தலைவலி, பிள்ளைகளுக்கு ஒன்றுமில்லை. காது கேளாதோர் பள்ளியில் அது ஒரு வசதி.

பத்தாம் வகுப்பு அறிவியல் டிவிடிகளைப் பனியன் துணியால் துடைத்தேன். சிறுநீரகப் பாடம் வழக்கம்போல் பாதியில் சிக்கியது. திரையில் மூக்குத்தி அக்கா கையைத் தூக்கியபடி நின்றுவிட்டாள். சைகை மொழியில் பாடம் நடத்தும் பெண். பெயர் யாருக்கும் தெரியாது. பிள்ளைகள் மூக்கைத் தொட்டுக் காட்டுவார்கள், அதுதான் பெயர். அவள் நடத்தினால்தான் இவர்களுக்குப் பாடம் ஏறும். மார்ச்சில் அரசுத் தேர்வு.

டிவிடி தேய்வதற்குள் பென் டிரைவில் ஏற்றிக்கொள்ளலாமா என்று தலைமை ஆசிரியையிடம் (த.ஆ.) கேட்டேன்.

"காப்பி எடுக்கிறது குத்தம் டீச்சர். தாளாளர் லைசென்ஸ் வாங்கப் போறாரு. இனிமே எல்லாம் டிஜிட்டல்."

டிஜிட்டல் என்று சொல்லும்போது அந்தம்மா முகத்தைப் பார்க்க வேண்டும். தீபாராதனை பார்த்த மாதிரி.

டிவிடி வெளியிட்ட அறக்கட்டளை நம்பருக்குப் போட்டேன், அனுமதி கேட்கலாமென்று. உபயோகத்தில் இல்லையாம்.

வாங்க: வெந்தயம், சின்னவனுக்கு பெல்ட்.

ஜூலை 10, வியாழன்

புழுக்கம். திருச்சியிலிருந்து டிஜிட்டல் பாடம் விற்கும் கம்பெனிக்காரன். வெள்ளைச் சட்டை, அதைவிட வெள்ளையாகப் பல். நம் தாளாளருக்கு டைல்ஸ் கடை. வழவழவென்று எது வந்தாலும் பிடித்துப்போகும்.

"இதுல சைகை இருக்கா சார்?"

"ஆடியோ ரொம்ப கிளியரா இருக்கும் மேடம். ஸ்டுடியோவுல வச்சு எடுத்தது."

"பிள்ளைகளுக்குக் காது கேக்காதுங்க."

கொஞ்சம் யோசித்தான். "ஸ்பீக்கர் ரெண்டு ஃப்ரீயா தர்றோம் மேடம்."

தாளாளர் தலையாட்டினார். இதையெல்லாம் கேட்டுக்கொண்டு சம்பளம் வாங்குகிறேன்.

திரையின் கீழே எழுத்துகூட ஓடாது. லைசென்ஸும் ஒரு வருஷத்துக்குத்தான், அப்புறம் திறக்காது. இதற்குப் பெயர் வாங்குவதாம். ஒப்பந்தத்தில் இன்னொரு வரி: பள்ளியில் வேறு வீடியோப் பாடங்கள் எதுவும் இருக்கக் கூடாது. அதாவது மூக்குத்தி அக்கா வெளியே.

இந்த மாதிரிப் பிள்ளைகளுக்காகப் படியெடுத்தால் குற்றமில்லை என்று சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது. ஃபோனில் எடுத்துக் காட்டினேன். த.ஆ. கண்ணாடியைக்கூட மாட்டவில்லை.

"சட்டமெல்லாம் நமக்கெதுக்கு டீச்சர். இன்ஸ்பெக்சன்ல கேட்டா யாரு பதில் சொல்றது?"

சட்டத்துக்குப் பயந்த அம்மாள். படிக்கத்தான் பயம்.

ஜூலை 11, வெள்ளி

டிஜிட்டல் வகுப்புத் திறப்பு விழா. ரிப்பன், குத்துவிளக்கு, கேசரி. முந்திரி முன்வரிசைக்கு மட்டும்.

ஸ்பீக்கரைப் போட்டதும் பெஞ்செல்லாம் அதிர்ந்தது. சின்னப் பிள்ளைகள் ஓடிப்போய் ஸ்பீக்கரில் உள்ளங்கையை வைத்துச் சிரித்தன. தாளாளர் மைக்கில்: "பாருங்க, எவ்வளவு ஆசையா கேக்குதுங்க."

திரையில் கோட் போட்ட ஒருவன் பலகைப் பக்கம் திரும்பித் திரும்பிப் பேசினான். உதடு பார்த்துப் புரிந்துகொள்ளவும் வழியில்லை.

பிறகு பத்தாம் வகுப்பு கௌசல்யாவை மேடைக்குக் கூப்பிட்டார்கள், எப்படி இருக்கிறது என்று சொல்ல. நார்த்தாமலைப் பிள்ளை. நல்ல மார்க் எடுத்தால் மேலே படிக்க வைப்பதாக அப்பா சொல்லியிருக்கிறார். இல்லையென்றால் திருப்பூர், பனியன் கம்பெனி.

அவள் கை தெளிவாகவே சொன்னது. ஒன்றும் புரியவில்லை. பேசுகிறவர் திரும்பிக்கொள்கிறார். அப்புறம் மூக்கைத் தொட்டாள். எங்கே?

த.ஆ. மைக்கை என் கையில் திணித்தார். "என்ன சொல்லுதுன்னு சொல்லுங்க டீச்சர்."

முன்வரிசையில் தாளாளர், மடியில் கேசரித் தட்டு. இத்தனை நாள் இந்த நோட்டில் எல்லாரையும் கிழித்துத் தொங்கவிட்ட நான்:

"ரொம்ப நல்லா புரியுதுன்னு சொல்லுறா சார்."

கைதட்டல். கௌசல்யா என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு படிக்க ஆறாம் வகுப்பிலிருந்து அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது நான்.

ஜூலை 13, ஞாயிறு

தூறல். துணி காயவில்லை.

டிவிடிப் பெட்டி என் வீட்டில். "நீங்களே ஒடைச்சுப் போட்டுருங்க" என்று த.ஆ. கொடுத்துவிட்டது. குளத்தூர் போட்டோ ஸ்டுடியோவில் டிவிடி டிரைவ் இரவல் வாங்கிவந்து பகல் முழுக்கப் படியெடுத்தேன். நடுவில் கரண்ட் போய் முதலிலிருந்து. சிறுநீரகம் தவிர எல்லாம் ஏறிவிட்டது. திருட்டு என்பார்கள். சொல்லிக்கொள்ளட்டும், என்னைத் திட்ட அவர்களைவிட எனக்குக் காரணம் அதிகம்.

நாளைக்குக் கௌசல்யாவிடம் சொல்ல வேண்டியதைக் கண்ணாடி முன் நின்று கையால் சொல்லிப் பார்த்தேன். பொய் சொன்னேன். பயந்துவிட்டேன். கை சரியாக வரவில்லை. வெட்கமாக இருந்தது.

ஜூலை 14, திங்கள்

வெயில். த.ஆ. கல்வி அலுவலகம் போயிருந்தார்.

கதவைச் சாத்திவிட்டுப் புது புரொஜெக்டரில் பென் டிரைவைச் செருகினேன். மூக்குத்தி அக்கா வந்ததும் பிள்ளைகள் பெஞ்சைத் தட்டிக் கொண்டாடின. கௌசல்யாவும் பார்த்தாள். குறிப்பெடுத்தாள்.

பாடம் முடிந்ததும் அவள் முன்னால் போய் நின்று கையைத் தூக்கினேன். கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

பெஞ்சைத் தட்டினேன். தோளைத் தொட்டேன். திறக்கவில்லை. இவளிடம் பேச எனக்கு வேறு வழி கிடையாது. கையைத் தூக்கியபடி நின்றேன்.