ரெண்டு ஏழாம் நம்பர்

அக்கா, இன்று காலை பேத்தி பெங்களூரில் இருந்து போனில் பேசியபோது, நீ பேசிய பேச்சையே அவளும் எடுத்தாள். உன் முகம்கூட அவளுக்கு நினைவிருக்காது.

இன்டர்நெட்டில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பேரும் ஒரு நம்பரும் உண்டாம். ஒரே பேர் ரெண்டு பேருக்குப் போகாமல், ஒரே நம்பர் ரெண்டு இடத்தில் விழாமல் பார்த்துக்கொள்ள உலகத்துக்கே ஓர் இடம் இருக்கிறதாம். அந்தக் காவலைப் பிரித்து, பேரை ஒருத்தர் கையிலும் நம்பரை இன்னொருத்தர் கையிலும் கொடுக்கலாமா என்று அவள் ஆபீஸில் வாக்குவாதமாம். "எல்லாம் ஒரே கையில இருந்தா அவங்க வச்சதுதான் சட்டம் பாட்டி. பிரிச்சாலும் ரெண்டு பேரும் பேசிக்கிட்டா போதும்" என்றாள்.

பேசிக்கிட்டா.

நீ எழுந்து பேசிய அந்தக் கிராம சபையை நான் மறக்கவில்லை. அதுவரை தெருப்பேரும் கதவு நம்பரும் பஞ்சாயத்து போட்டதுதான். ஓடைக்கு வடக்கே இருந்தவர்களுக்கு அது பொறுக்கவில்லை. தெருவுக்குப் பேர் அவரவர் வைத்துக்கொள்வது, நம்பரை மட்டும் பஞ்சாயத்து போடுவது என்று பேச்சு முடியப் போனது. ஆண்களுக்கு நடுவே நீ எழுந்து நின்றாய்.

"பேரு ஒரு கை, நம்பரு ஒரு கைன்னா, தேடி வருதவன் எந்த வாசல்ல வந்து நிப்பான்?"

வடக்குத் தெருவில் இன்றும் மீசையை முறுக்கிக்கொண்டு திரிகிறானே, அவன்தான் கேட்டான், ஆடு மேய்க்கப் போகிறவளுக்கு அட்ரஸ் எதற்கு என்று. கூட்டமே சிரித்தது. நீ விடவில்லை. "பேரு சொல்லிக் கூப்பிட்டா என் ஆடு எங்கிட்டதான் வருது. உம்ம தெருவைக் கூப்பிட்டா எது வரும் அண்ணாச்சி?"

அதற்கும் சிரித்தார்கள். சிரித்தவர்கள் ஒவ்வொருத்தரையும் எனக்குத் தெரியும்.

பஞ்சாயத்து ஆள் வந்து தெருவுக்குத் தெரு ஒன்றில் இருந்து நம்பர் எழுதிவிட்டுப் போனார். என்ன பேர் வைத்தீர்கள் என்று அவர் கேட்கவில்லை, இவர்களும் சொல்லவில்லை. கோவில் எங்களுக்குத்தான் என்று ரெண்டு பக்கமும் நின்றதில், ரெண்டுமே காளியம்மன் கோவில் தெரு ஆனது. நம் வீடும் ஏழு. அவன் வீடும் ஏழு.

ஐப்பசி மழை விட்ட ஒரு மத்தியானம் உனக்கு நெஞ்சு வலித்தது. ஆம்புலன்ஸ் அவன் வாசலில் போய் நின்றது. ஓடைக்குத் தெற்கே என்று கையைக் காட்டியிருந்தால் போதும். காட்டினால் நம் தெருவுக்கும் அந்தப் பேர் உண்டென்று ஒத்துக்கொண்டதாகிவிடுமே. "காளியம்மன் கோவில் தெரு இது ஒண்ணுதான். இங்கன யாருக்கும் ஒண்ணுமில்ல" என்று திருப்பி அனுப்பிவிட்டான். டிரைவர்தான் பிறகு சொன்னார்.

மறுபடி போன் போட்டு, வண்டி மெயின் ரோடு வரை போய்த் திரும்பி ஓடைப் பாதையில் வந்தது. கரிசல் சகதி சக்கரத்தைப் பிடித்துக்கொண்டது. உன்னைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு நடந்தோம். வண்டி கண்ணில் படும்போது, என் கையைப் பிடித்திருந்த உன் விரல்கள் விட்டுப்போயிருந்தன.

ரெண்டு தெருவும் இன்னும் அதே பேரில்தான் இருக்கின்றன. கேஸ் வண்டிக்காரர் வழி மாறி வந்து அவனை விசாரித்தால், அப்படி ஒருத்தன் இந்த ஊரிலேயே இல்லை என்று சொல்லிவிடுவேன். இதையும் பேத்தியிடம் சொன்னேன். அவள், "அவர் வீட்டுக்குப் போற ஆம்புலன்ஸ் நம்ம வாசலுக்கு வந்தா பாட்டி?" என்றாள்.

போனை வைத்துவிட்டேன்.

நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் உன்னிடம் கேட்கவில்லை.